லேபிள் மாஸ்டரும் பாதி பப்ளிஷிங்கும் கேட்கிறது, கொடுக்கலாமா?

நாலாவது_தந்தி எழுதியது:

எங்கள் ஜாஸ் குவார்ட்டெட்டின் (நாலு பேர் குழு) முதல் ஆல்பத்தை ஒருவழியாகப் பதிவு செய்துவிட்டோம். டெனர் சாக்ஸ், பியானோ, ட்ரம்ஸ், பேஸில் நான். ஸ்டுடியோவில் இரண்டு நாள், எட்டு டிராக், மொத்தம் 58 நிமிடம். ஆறு எங்கள் சொந்த மெட்டு, இரண்டு ஸ்டாண்டர்டு, அதாவது ஜாஸ்காரர்கள் எல்லோரும் வாசிக்கும் பிறருடைய பழைய பாட்டு.

பதினோரு லேபிள்களுக்கு, அதாவது இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு, அனுப்பினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது. அவர்கள் சொல்வது இது: பிரஸ்ஸிங் செலவு, அதாவது தட்டு அடிக்கிற செலவு, எங்களுடையது. 500 எல்பி அடித்து, அதில் 300-ஐ நாங்களே அவர்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மாஸ்டர் (பதிவின் உரிமை) அவர்கள் பெயருக்குப் போகும், எத்தனை வருடத்துக்கு என்று போடவில்லை. சொந்த மெட்டுகளின் பப்ளிஷிங்கில் (மெட்டின் உரிமை) பாதி அவர்களுக்கு. பதிலுக்கு அவர்களுடைய லோகோ, விநியோகம், அப்புறம் "விமர்சகர்களுக்கு அனுப்பிவைப்போம்" என்று ஒரு வரி.

சாக்ஸ்காரர் கையெழுத்துப் போடலாம் என்கிறார். ட்ரம்மர் வேண்டாம் என்கிறார். பியானோக்காரர் இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பழைய_ஊசி எழுதியது:

முதல் ஆல்பத்துக்கு லேபிள் வேண்டும் என்பதுதான் என் கட்சி. நான் வாசிப்பவன் இல்லை, வாங்குபவன். நாற்பது வருடமாக இசைத்தட்டு வாங்குகிறேன். யார் என்றே தெரியாத ஆளின் ஆல்பத்தைக் கையில் எடுக்கிறேன் என்றால் மூலையில் இருக்கும் லோகோவைப் பார்த்துத்தான்.

ப்ளூ நோட் என்ற ஜாஸ் லேபிள் 1939-இல் ஆல்ஃப்ரட் லயன் தொடங்கியது. பதிவுக்கு முன்னால் ஒத்திகை பார்க்கவும் இசைக்கலைஞர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் வேறு சின்ன கம்பெனிகள் பெரும்பாலும் அதைச் செய்யவில்லை. வித்தியாசம் தட்டிலேயே கேட்கும். முதல் வரியிலேயே எல்லோரும் ஒன்றாக உள்ளே வருவார்கள். ஒலிப்பதிவு ரூடி வான் கெல்டர், பகலில் கண் பரிசோதகர், 1959 வரை பதிவு நடந்தது நியூ ஜெர்சி ஹாக்கன்சாக்கில் அவருடைய பெற்றோர் வீட்டு வரவேற்பறையில். அட்டை வடிவமைப்பு ரீட் மைல்ஸ். இது எல்லாம் சேர்ந்ததுதான் லேபிள். 1969-இல் மான்ஃப்ரட் ஐஷர் தொடங்கிய இசிஎம் லேபிளும் அப்படித்தான். யார் வாசிக்கிறார்கள் என்று பார்க்காமலேயே வாங்குகிறவர்கள் அதற்கு உண்டு. இதைத் தனி ஆளாக எப்படிச் சம்பாதிப்பீர்கள்?


அரைநோட் எழுதியது:

ஊசி அண்ணே, நீங்கள் சொன்ன லேபிள் ஒத்திகைக்குப் பணம் கொடுத்தது. இவருக்கு வந்திருக்கும் லேபிள் இவரிடமே பணம் கேட்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

நாலாவது தந்தி, பப்ளிஷிங்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்களுக்கு ஒரு கதை. 1962-இல் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக்குக்கு 22 வயது. ப்ளூ நோட்டில் முதல் ஆல்பம் போடப் போகிறார். ட்ரம்பெட்காரர் டொனால்ட் பைர்ட் அவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்: பப்ளிஷிங்கை அவர்கள் கம்பெனியில் போடச் சொல்வார்கள், முடியாது என்று சொல், என் கம்பெனியில் ஏற்கெனவே போட்டுவிட்டேன் என்று சொல். ஹான்காக் அப்படியே சொன்னார். லேபிள் இறங்கி வந்தது. அந்த ஆல்பத்தில்தான் 'வாட்டர்மெலன் மேன்' இருந்தது. அடுத்த வருடம் தாளக்கலைஞர் மோங்கோ சான்டமரியா அதை வாசித்து ஹிட் ஆக்கினார். அந்தப் பணத்தில் ஹான்காக் ஒரு கோப்ரா கார் வாங்கினார். பப்ளிஷிங்கைக் கொடுத்திருந்தால் காரில் பாதி அவருடையது இல்லை.


நாலாவது_தந்தி எழுதியது:

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். மாஸ்டர், பப்ளிஷிங் இரண்டும் வேறுவேறு என்று தெரியும். ஆனால் எது எங்கே பணமாகிறது என்பதில் எனக்குத் தெளிவே இல்லை.


அரைநோட் எழுதியது:

வெட்கப்பட ஒன்றும் இல்லை. இருபது வருடம் வாசித்தவர்களுக்கே தெரியாது.

மாஸ்டர் என்பது அந்த இரண்டு நாளில் நீங்கள் பிடித்து வைத்த ஒலி. பப்ளிஷிங் என்பது மெட்டு. யார் வாசித்தாலும் மெட்டு உங்களுடையது. வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலி உங்கள் பதிவைப் போட்டால் மெட்டுப் போட்டவருக்குப் பணம் உண்டு. வாசித்தவருக்கும் மாஸ்டர் வைத்திருப்பவருக்கும் ஒரு சென்ட் கிடையாது. இணைய வானொலிக்குக் கணக்கு வேறு. அங்கே சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்து மாஸ்டர்காரருக்கு 50, முன்னணிக் கலைஞருக்கு 45, உடன் வாசித்தவர்களின் நிதிக்கு 5 என்று சதவீதம் போட்டுப் பிரிக்கும். ஐரோப்பாவில் பல நாடுகளில் சாதாரண வானொலியிலும் வாசித்தவருக்குப் பங்கு உண்டு.

ஜாஸ்காரர்களுக்கு இதில் இருக்கும் வயிற்றெரிச்சல் தனி. சாக்ஸ்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939-இல் 'பாடி அண்ட் சோல்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதில் அசல் மெட்டைத் தொட்டும் தொடாமலும் போய்விட்டு மீதியெல்லாம் அவராகவே கட்டியது. மெட்டுக்கான ராயல்டி எல்லாம் பாட்டு எழுதியவர்களுக்குத்தான். சோலோ, அதாவது ஒருவர் தனியாகக் கற்பனையில் வாசிப்பது, எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் அதற்கு இடம் கிடையாது.

பீபாப்காரர்கள், அதாவது நாற்பதுகளின் புது பாணி ஜாஸ்காரர்கள், இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கார்ட் ப்ரோக்ரஷனுக்கு (மெட்டுக்கு அடியில் ஓடும் சுர அடுக்குகளின் வரிசை) மட்டும் தனியாக யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதனால் பழைய பாட்டின் கார்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு மேலே புது மெட்டு. 'செரோக்கி'யின் மேல் 'கோ கோ', 'ஹவ் ஹை த மூன்' மேல் 'ஆர்னிதாலஜி'. அழகியல், புரட்சி என்று எழுதுவார்கள். அதுவும் உண்மைதான். ராயல்டி கொடுக்க வேண்டாம் என்பதும் உண்மை.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். தட்டில் ஒரு ஸ்டாண்டர்டு போட்டால் பிரதி ஒன்றுக்கு மெட்டுக்காரருக்கு மெக்கானிக்கல் ராயல்டி கட்ட வேண்டும். அமெரிக்காவில் 2023-இல் அது 12 சென்ட். ஆனால் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிமிடத்துக்கு 2.31 சென்ட். ஒன்பது நிமிடம் வாசித்தால் சுமார் 21 சென்ட். 500 பிரதிக்கு 104 டாலர், ஒரே ஒரு டிராக்குக்கு. பாப் பாட்டுக்காரர் மூன்று நிமிடத்தில் முடித்துக்கொண்டு 60 டாலர் கட்டுவார். நீளமான சோலோவுக்குச் செலவு நம்முடையது, வரவு மெட்டுக்காரருடையது. அதே விதி உங்கள் சொந்த ஆறு மெட்டுக்கும் உங்கள் பக்கமாக வேலை செய்யும். அதில் பாதியைத்தான் அந்த லேபிள் கேட்கிறது.


விரல்நுனி எழுதியது:

இவ்வளவு எதற்கு? ஸ்ட்ரீமிங்கில் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். எல்பியெல்லாம் யார் வாங்குகிறார்கள்.


பழைய_ஊசி எழுதியது:

நான் வாங்குகிறேன்.


கலவை_மேசை எழுதியது:

பணத்தைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். 58 நிமிடத்தை ஒரு எல்பியில் எப்படிப் போடப் போகிறீர்கள்? பக்கத்துக்கு 29 நிமிடம் வருகிறது. 18-லிருந்து 22 வரை என்றால் சத்தம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் போகப் போகக் கோடுகளை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியளவைக் குறைக்க வேண்டும், முதலில் அடிபடுவது பேஸ். பேஸ்காரரின் ஆல்பத்திலேயே பேஸ் இல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும்? அந்த லேபிளில் இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால் அவர்கள் உங்கள் ஆல்பத்தை இன்னும் கேட்கவே இல்லை.

அப்புறம் மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சீராக்குவது. சத்தமாக இருந்தால்தான் எடுபடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. ஏற்ற இறக்கத்தை நசுக்கிச் சத்தமாகக் கொடுத்தால் அவர்கள் குறைத்துவிடுவார்கள், நசுங்கியது மட்டும் மிஞ்சும். ட்ரம்மர் பிரஷ்ஷிலிருந்து குச்சிக்கு மாறும்போது அறையே நிமிர்ந்து உட்காருமே, அதைக் கொன்றுவிட்டு ஜாஸ் ஆல்பம் போடுவதில் அர்த்தமே இல்லை.

நீங்கள் நாலு பேரும் ஒரே அறையில்தானே வாசித்தீர்கள்? ட்ரம்ஸ் மைக்கில் பேஸ் கசிந்திருக்கும். கசியட்டும். திருத்த முயற்சி செய்தால் அறை போய்விடும். வேகத்தை மட்டும் ஒருமுறை ட்யூனர் வைத்துச் சரிபாருங்கள். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் பக்கம் 1959-இலிருந்து 1992 வரைக்கும் கொஞ்சம் சுருதி ஏறித்தான் விற்றது. பதிவு செய்த அன்று டேப் மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது. அதோடு சேர்ந்து வாசித்துப் பழகிய பிள்ளைகள் எல்லாம் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள்.


லேபிள்_முன்னாள் எழுதியது:

ஒன்பது வருடம் ஒரு சின்ன ஜாஸ் லேபிள் நடத்தி மூடியவன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பணம் கேட்பதாலேயே அவர்கள் திருடர்கள் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு ஜாஸில் பெரும்பாலான சின்ன லேபிள்கள் கலைஞர் செலவில்தான் ஓடுகின்றன. நானும் கடைசி மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன். பெருமைப்பட்டுச் சொல்லவில்லை.

விநியோகம் என்ற வார்த்தையைப் பார்த்து மயங்காதீர்கள். விநியோகஸ்தர் தட்டை எடுத்துக்கொண்டு போவார். விற்றால் பணம், அதுவும் மாதங்கள் கழித்து. விற்காவிட்டால் திருப்பி அனுப்புவார். ஒரு முறை எனக்கு 340 தட்டு திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு அட்டையின் வலது கீழ் மூலையும் ஒரே மாதிரி மடங்கி இருந்தது. யாரோ எல்லாப் பெட்டியையும் ஒரே பக்கமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புதுசு என்று விற்க முடியாது, பழசு என்று சொல்லவும் மனது வரவில்லை. அந்த ட்ரம்பெட்காரருக்கு விஷயத்தைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

ஓடாத தட்டு மட்டும்தான் சின்ன லேபிளைச் சாய்க்கும் என்று நினைப்பீர்கள். ஓடும் தட்டும் சாய்க்கும். 1964-இல் ட்ரம்பெட்காரர் லீ மோர்கனின் 'த சைட்வைண்டர்' ப்ளூ நோட்டுக்கு எதிர்பாராத ஹிட். உடனே விநியோகஸ்தர்கள் அதே மாதிரி இன்னொன்று கொடு என்று நெருக்க ஆரம்பித்தார்கள். ஹிட் தட்டுக்கு அடிக்கிற செலவு இன்றைக்கு, வசூல் என்றைக்கோ. 1965-இல் லயன் கம்பெனியை லிபர்ட்டி என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். ஹிட் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், வயதும் அலுப்பும் இருந்தது. சிடிஐ லேபிள் கதை இன்னும் மோசம். அதை நடத்திய கிரீட் டெய்லர் எழுபதுகளில் விநியோகத்தையும் தானே எடுத்துச் செய்யப் போய் 1978-இல் திவால்.

ஆகவே உங்களுக்கு வந்த கடிதத்தில் நான் பார்ப்பது அந்த 300 தட்டைத்தான். 500-இல் 300-ஐ நீங்களே வாங்கினால் அவர்களுக்கு அன்றைக்கே லாபம் வந்துவிடுகிறது. மீதி 200-ஐ விற்க அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை. அவர்கள் கெட்டவர்கள் என்பதில்லை, ஒப்பந்தம் அவர்களைச் சும்மா உட்கார வைக்கிறது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தெரியும்.

மூன்று கேள்வி கேளுங்கள். போன வருடம் போட்ட ஆல்பங்களில் ஒன்றுக்கு வந்த விமர்சனங்களை அனுப்பச் சொல்லுங்கள். நேரடியாக வாங்குகிறவர்களின் மின்னஞ்சல் பட்டியலில் எத்தனை பேர் என்று கேளுங்கள். மாஸ்டரை ஏழு வருட உரிமமாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மூன்றாவதற்கு அவர்கள் கோபப்பட்டால் கடிதத்தை மடித்து வைத்துவிடலாம்.


கதவோரம் எழுதியது:

கிளப்பில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவன் நான். எனக்கு ஆல்பம் என்பது விசிட்டிங் கார்டு. நல்ல தாளில் அடித்த கார்டு. ஆல்பம் வந்து மூன்று மாதத்துக்குள் மேடை இல்லையென்றால் அந்தத் தட்டுகள் கட்டிலுக்கு அடியில்தான்.

தேதியைப் பார்த்து வையுங்கள். ஜாஸ் வரலாற்றிலேயே மோசமான தேதி 1953 மே 15, டொராண்டோ மேஸி ஹால். மேடையில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், பேஸில் சார்லஸ் மிங்கஸ், ட்ரம்ஸில் மேக்ஸ் ரோச். இதற்கு மேல் ஒரு குழுவைக் கனவில்கூடப் போட முடியாது. அதே இரவு மார்சியானோவுக்கும் வால்காட்டுக்கும் ஹெவிவெயிட் குத்துச்சண்டை. அரங்கம் நிரம்பவில்லை. பேசின தொகையைக் கொடுக்க முடியாமல் ஏற்பாட்டாளர்கள் திணறினார்கள். குத்துச்சண்டை முதல் ரவுண்டிலேயே முடிந்துவிட்டது என்பதுதான் கொடுமை. கடைசியில் மிங்கஸும் ரோச்சும் அந்த ஒலிநாடாவைத் தங்கள் சொந்த டெபியூ லேபிளில் போட்டார்கள். பார்க்கர் வேறு கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருந்ததால் தட்டில் அவர் பெயர் 'சார்லி சான்'. நாடாவில் பேஸ் சரியாகக் கேட்கவில்லை என்று மிங்கஸ் பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து தன் பேஸை மறுபடி வாசித்துச் சேர்த்தார். நாலாவது தந்திக்கு இது ஆறுதலாக இருக்கும்.

இதற்கு நேர் எதிர் 1975 ஜனவரி 24, ஜெர்மனியில் கொலோன் ஆபரா ஹவுஸ். வாசிக்க வந்தவர் பியானோக்காரர் கீத் ஜாரெட். ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண். ஆபரா முடிந்த பிறகுதான் இடம் கிடைக்கும் என்பதால் நிகழ்ச்சி இரவு பதினொன்றரைக்கு. மேடையில் தப்பான பியானோ, சின்னது, சுருதி சேராதது, பெடல் சரியில்லை. ஜாரெட் கிளம்பிப் போகத் தயாராகிவிட்டார். அவரை வாசிக்க வைத்தது அந்தப் பெண். அரங்கத்தில் 1,400 பேர் காத்திருந்தார்கள், ஒலிப்பதிவு ஆட்களும் வந்து இறங்கியிருந்தார்கள். அந்த இரவின் பதிவுதான் உலகத்திலேயே அதிகம் விற்ற தனிப் பியானோ ஆல்பம். ஜாஸை விற்பது பற்றி யாராவது பாடம் எடுத்தால் நான் இதைத்தான் சொல்வேன்: டிக்கெட்டை முதலில் விற்றுவிட வேண்டும். பியானோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். (பியானோக்காரர்கள் மன்னிக்கவும்.)


அரைநோட் எழுதியது:

மன்னிக்க முடியாது.


விரல்நுனி எழுதியது:

நான் கிண்டலாகக் கேட்கவில்லை. பிரஸ்ஸிங் செலவு இல்லை, பெட்டி திரும்பி வராது. ஸ்ட்ரீமிங்கில் என்ன நஷ்டம்?


லேபிள்_முன்னாள் எழுதியது:

நஷ்டம் இல்லை, வரவும் இல்லை. 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு டிராக் பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை ஓடாவிட்டால் பதிவுக்கான ராயல்டி கணக்கிலேயே சேராது. முப்பது விநாடி ஓடினால் ஒரு தடவை என்று எண்ணுவார்கள். உங்கள் பதினோரு நிமிட பாலடும் (மெதுவான பாட்டு) ஒரு தடவைதான், இரண்டு நிமிட பாட்டும் ஒரு தடவைதான். அதனால்தான் இப்போது சிலர் பேஸ் அறிமுகத்தையெல்லாம் வெட்டிவிட்டு நேராக மெட்டில் தொடங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

படிக்க, தூங்க, காபி குடிக்க என்று ஜாஸ் பட்டியல்கள் இருக்கின்றனவே, அதில் விழுந்தால் எண்ணிக்கை ஏறும். ஆனால் அங்கே கேட்கிறவருக்கு உங்கள் பெயர் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர் வரவில்லை. உடன் வாசித்தவர்களின் பெயரைப் பல செயலிகளில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். யார் ட்ரம்ஸ் என்று பார்த்துத் தட்டு வாங்குகிற இசை இது. பெயர் போனால் பாதி வியாபாரம் போச்சு.

ஸ்ட்ரீமிங்கில் போடுங்கள், தேடுகிறவன் கண்ணில் படட்டும். விற்பனையை வேறு இடத்தில் வையுங்கள். பேண்ட்கேம்பில், கலைஞர்களே ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் தளம் அது, டிஜிட்டலுக்கு 15 சதவீதம், பொருளுக்கு 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், வாங்கியவரின் மின்னஞ்சல் உங்களுக்கு வருகிறது. பணத்தைவிட அந்த மின்னஞ்சல் பெரிது. இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் 2004-இல் ஆர்ட்டிஸ்ட்ஷேர் என்ற தளம் வழியாக, ரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கி ஒரு பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் குழு) ஆல்பம் போட்டார். கடைகளில் கிடையாது, இணையத்தில் மட்டும். அடுத்த வருடம் அதற்கு கிராமி. அவரிடம் இருந்தது கேட்கக் காத்திருந்தவர்களின் பட்டியல்.


பழைய_ஊசி எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்குப் போட்டி இன்னொரு குவார்ட்டெட் இல்லை. செத்தவர்கள். என் அலமாரிக்கு இந்த வருடம் வந்ததில் முக்கால்வாசி மறுவெளியீடு. சாக்ஸ்காரர் ஜான் கோல்ட்ரேன் 1963-இல் பதிவு செய்து காணாமல் போனது 2018-இல் வெளிவந்தது, ஓடிப் போய் வாங்கினேன். அதே காசுக்கு உயிரோடு இருக்கும் ஒருவரின் தட்டை எடுக்கத்தான் நினைத்தேன், கை அங்கே போகவில்லை. என் மேலேயே எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அதனால் லேபிள் வேண்டும் என்று முதலில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். என்னை மாதிரி ஆளை உயிரோடு இருப்பவர் பக்கம் இழுத்துவரத் தெரிந்த லேபிள் என்றால் சரி. இல்லையென்றால் வேண்டாம்.


நாலாவது_தந்தி எழுதியது:

விமர்சகர்களுக்கு நாங்களே அனுப்புவதானால் எப்போது, எப்படி?


லேபிள்_முன்னாள் எழுதியது:

வெளியீட்டுத் தேதிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னால். அச்சுப் பத்திரிகை என்றால் நாலு. வெளியான பிறகு அனுப்பினால் அது பழைய ஆல்பம், எவ்வளவு நன்றாக இருந்தாலும். கோப்பை மின்னஞ்சலில் இணைக்காதீர்கள், இறக்கிக்கொள்ள ஒரு சுட்டி போதும். கூடவே ஒரே ஒரு பக்கம்: யார் என்ன வாசிக்கிறார்கள், ஒவ்வொரு டிராக்கும் எத்தனை நிமிடம், மெட்டு யாருடையது. வானொலிக்காரர்களுக்கு ஐந்தாறு நிமிடத்தில் முடிகிற இரண்டு டிராக்கைக் குறித்துக் கொடுங்கள், அவர்களுக்குத் தேட நேரம் இல்லை. "எல்லைகளைத் தாண்டிய இசை" என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு அந்த வரியோடு வாரத்துக்கு நாலு மெயில் வந்தது.


நாலாவது_தந்தி எழுதியது:

ஒன்றரை வாரம் கழித்து வருகிறேன். லேபிளுக்கு அந்த மூன்று கேள்வியையும் அனுப்பினேன். பப்ளிஷிங் வேண்டாம் என்று உடனே விட்டுக்கொடுத்துவிட்டார்கள், சும்மாதான் கேட்டிருக்கிறார்கள் போல. மாஸ்டருக்கு ஏழு வருடம் என்றதற்கு "எங்கள் வழக்கம் அது இல்லை" என்று ஒரே வரி. விமர்சனங்கள் எதுவும் அனுப்பவில்லை. பியானோக்காரர் அதைப் படித்துவிட்டு முதல்முறையாக வாய் திறந்து "நாமே போடுவோம்" என்றார். 200 எல்பி, மீதி டிஜிட்டல். எல்பியில் ஆறு டிராக், 41 நிமிடம். இரண்டு ஸ்டாண்டர்டும் டிஜிட்டலில் மட்டும். தேதியை நாலு மாதம் தள்ளி வைத்து, அந்த வாரத்துக்கு இரண்டு மேடையும் பேசியாகிவிட்டது.

இப்போது புதுப் பிரச்சினை. மெட்டுகளின் உரிமையைப் பதிவு செய்யப் படிவத்தை நிரப்புகிறேன். மூன்றாவது டிராக்கில் நடுவில் ஒரு எட்டு பார் (தாளக் கட்டம்) இருக்கிறது, ஒத்திகையில் ட்ரம்மர் வாயாலேயே பாடிக் காட்டியது. எழுதிய இடத்தில் சாக்ஸ்காரர் பெயர் மட்டும் இருக்கிறது. ட்ரம்மர் எதுவும் கேட்கவில்லை. நான் கிளப்பினால் வீண் சண்டையா?


அரைநோட் எழுதியது:

இப்போது கிளப்பினால் சின்ன சண்டை. பணம் வந்த பிறகு கிளப்பினால் குழுவே இருக்காது. வெளியாவதற்கு முன்னால் நாலு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு மெட்டுக்கும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போட்டபின் கூட்டிப் பாருங்கள். எங்கள் முதல் ஆல்பத்தில் ஒரு மெட்டுக்கு 115 வந்தது.


நாலாவது_தந்தி எழுதியது:

இன்றைக்கு ஒத்திகை இருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு போகிறேன்.